பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள்

பரீட்சை நெருங்கினால் போதும், முதலில் காணாமல் போவது பி.டி. பீரியடுதான். அந்த நேரத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதில் லாபம் குறைவு. 2009இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில் 9, 10 வயதுப் பிள்ளைகளை 20 நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுதியதைவிட, நடந்துவிட்டு எழுதியபோது கவனமும் வாசித்துப் புரிந்துகொள்வதும் மேலாக இருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பே கண் சொருகிக் கிடப்பதைப் பார்த்த டீச்சர் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்.

சரி, கடலூர் வெயிலிலும் புழுக்கத்திலும் மதியம் மைதானத்துக்கு எப்படி அனுப்புவது? அனுப்ப வேண்டாம். பெஞ்சுக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லி, ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு குதி குதிக்கவிடுங்கள். கீழ்த்தளத்தில் வேறு வகுப்பு நடந்தால் குதிப்பதற்குப் பதில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். ஐந்து நிமிடம், அப்புறம் ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர், பாடத்தைத் தொடங்கலாம். முதல் இரண்டு நாள் சிரிப்பும் கூச்சலுமாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

சேட்டை செய்தான் என்று இன்டர்வெல்லில் உட்கார வைப்பதை மட்டும் செய்யாதீர்கள், ஓடியாக வேண்டியவனே அவன்தான்.

பெற்றோருக்கு: 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலையில் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ சில்வர் பீச் மணலிலோ அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு டியூஷனுக்கு அனுப்புங்கள்.