லார்ட் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அயர்லாந்துப் புரட்சிக்காரர் லார்ட் எட்வர்ட். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது 1798-இல்தான். அந்த ஆண்டின் அயர்லாந்துக் கிளர்ச்சியைக் களத்தில் நின்று நடத்தினார், பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார் என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் தவறு. அவர் தலைக்கு 1,000 பவுண்டு அறிவித்திருந்தது அரசு. மே 19 அன்று டப்ளின் தாமஸ் தெருவில், இறகு வியாபாரி ஒருவரின் வீட்டில் மறைந்திருந்தவரை வளைத்துவிட்டார்கள். கத்தியோடு எதிர்த்தார். பிடிக்க வந்தவர்களில், அவரிடம் குத்துப்பட்ட கேப்டன் ரையன் பிழைக்கவில்லை. கைது செய்ய வந்த அதிகாரி மேஜர் சிர் சுட்டதில் எட்வர்டின் தோளில் குண்டு பாய்ந்தது. கிளர்ச்சி வெடித்ததோ மே 23 இரவு. அப்போது அவர் நியூகேட் சிறையில் காயத்தோடு கிடந்தார். ஜூன் 4 அன்று அந்தக் காயத்தாலேயே இறந்தார். வழக்கு விசாரணைகூட நடக்கவில்லை.

'லார்ட்' என்றதும் பிரபுக்கள் சபையில் உட்கார வைத்துவிட வேண்டாம். லென்ஸ்டர் டியூக்கின் இளைய மகன்களில் ஒருவர் என்பதால் மரியாதைக்கு வந்த பட்டம் அது. அவர் இருந்தது மக்கள் சபையில், முதலில் அத்தி, அப்புறம் கில்டேர் தொகுதியின் உறுப்பினராக. அதுவும் லண்டனில் அல்ல. அன்றைக்கு அயர்லாந்துக்கு டப்ளினிலேயே தனி நாடாளுமன்றம் இருந்தது. அந்த 'லார்ட்' பட்டத்தையும் 1792-இல் பாரிஸ் விருந்து ஒன்றில் துறந்தார். அதனால் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த பதவி போனது.

அயர்லாந்துப் புரட்சிக்காரர் என்பதால் கத்தோலிக்கர் என்று எழுதுவதும் உண்டு. அவர் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கர் அந்த நாடாளுமன்றத்தில் உட்காரவே முடியாது. அந்தக் கிளர்ச்சிக்குப் பின்னால் இருந்த புரட்சி அமைப்பான ஐக்கிய ஐரிஷ் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரல்ல. 1791-இல் பெல்ஃபாஸ்டில் தோன்றிய அந்தச் சங்கத்தில் பின்னால் சேர்ந்தவர்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விடப் பெரிய தவறு டோனி ஸ்மாலை விட்டுவிடுவது. 1781-இல் அமெரிக்க விடுதலைப் போரின் யூடா ஸ்பிரிங்ஸ் சண்டையில், பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த எட்வர்ட் அடிபட்டு மயங்கிக் கிடந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவரான ஸ்மால்தான் அவரைத் தூக்கிச் சென்று காப்பாற்றினார். அதன்பின் கடைசிவரை எட்வர்டோடேயே இருந்தார். இவரைப் பணியாள் என்று ஒரு வரியில் தாண்டிப் போவது நியாயமே இல்லை.

மரணத்தோடு கதையை முடித்துவிடவும் கூடாது. இறந்தவரைத் துரோகி என்று அறிவித்து, அவர் சொத்தைப் பறிக்க அதே டப்ளின் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. மனைவி பமேலாவையும் குழந்தைகளையும் பாதித்த அந்தச் சட்டம் 1819-இல்தான் நீக்கப்பட்டது.