சகுரா பார்க்கப் போய்க் கோட்டை விடும் இடங்கள்

போன வருடம் ஊரிலிருந்து வந்த அத்தையை, சகுரா என்கிற செர்ரிப் பூவைக் காட்ட டோக்கியோவில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், நாலாக மடித்த ஒரு ஜமுக்காளம் எல்லாம் அவர் பையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மரத்தடியில் ஜமுக்காளத்தை உதறினார் பாருங்கள், எங்கிருந்தோ ஓடி வந்த ஊழியர் ஒருவர் குனிந்து வணங்கி, இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டினார்.

தப்பு அத்தையுடையது இல்லை, என்னுடையது. ஜப்பானில் பூங்கா வேறு, தோட்டம் வேறு. உவேனோ மாதிரியான பூங்காவில் விரிப்பைப் போட்டுக் கும்பலாகச் சாப்பிட்டுக்கொண்டே பூப் பார்க்கலாம். ஹனாமி, அதாவது பூப் பார்த்தல், என்றாலே பலருக்கு அதுதான். ஆனால் ரிகுகியென் மாதிரியான பழைய தோட்டம், நடந்து பார்ப்பதற்கென்றே கட்டியது. அங்கே விரிப்பும் போடக் கூடாது, கேமராவுக்கு முக்காலியும் வைக்கக் கூடாது.

ரிகுகியென் 1702-இல் யானகிசாவா யோஷியாசு என்ற பிரபு அமைத்தது. வாகா என்ற ஜப்பானியக் கவிதையின் ஆறு வகைகளை வைத்துப் பெயர். பாடல்களில் வரும் மலையையும் கடலோரத்தையும் சின்ன அளவில் செய்து, நடுவே குளம் வெட்டி, சுற்றிப் பாதை போட்டிருக்கிறார்கள். அதனால் 300 யென் கொடுத்து உள்ளே போகும் பலர் செய்யும் முதல் தவறு, ஊட்டி மலர்க் கண்காட்சி கணக்காகப் பூக்கூட்டத்தை எதிர்பார்ப்பது. இங்கே பேர்பெற்றது ஒரே ஒரு மரம்: கிளைகள் அருவி போலக் கீழே தொங்கும் ஷிதாரேசகுரா. ஏறக்குறைய 15 மீட்டர் உயரம், 20 மீட்டர் அகலம். அதை மட்டும் படமெடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். குளத்தைச் சுற்றி ஃபுஜிஷிரோ மேட்டில் ஏறிப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 35 மீட்டர்தான், ஆனால் மொத்தத் தோட்டமும் காலடியில் விரியும்.

அடுத்தது தேதி. டோக்கியோவில் பூ விட்டாயிற்று என்ற அறிவிப்பு, யாஸ்குனி கோவிலில் இதற்கென்றே குறித்து வைத்த ஒரு மரத்தைப் பார்த்துத்தான் வரும். அதில் ஐந்தாறு பூ விரிந்தால் பூத்தாயிற்று என்று கணக்கு. எண்பது சதவீதம் விரிந்தால் முழு மலர்ச்சி. சராசரியாக மார்ச் 24-இல் தொடங்கி 31 வாக்கில் முழுமை. செய்தியைப் பார்த்த அன்றே கிளம்பினால் மொட்டைத்தான் பார்ப்பீர்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறித்து வைத்த அந்த மரம் சோமெய் யோஷினோ இனம். அந்த இன மரங்கள் எல்லாமே ஒட்டுப் போட்டு வளர்த்த ஒரே மரத்தின் நகல்கள், அதனால்தான் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பூக்கின்றன. (அந்த இனத்துக்குப் பெயர் தந்த சோமெய் கிராமம், இந்தத் தோட்டம் இருக்கும் கோமகோமே பக்கம்தான்.) தொங்கும் சகுரா வேறு இனம், சில நாள் முந்திக்கொள்ளும். ஊரெல்லாம் பூத்துக் குலுங்கட்டும் என்று காத்திருந்து ரிகுகியென் போனால் இலைதான் மிச்சம்.

நேரமும் காலை வாரும். மாலை ஐந்துக்குக் கதவை மூடுவார்கள், நாலரைக்கு மேல் உள்ளே விடுவதில்லை. அண்மை ஆண்டுகளில் இரவு விளக்கொளிக்குத் தனி டிக்கெட் வைக்கிறார்கள். பகல் டிக்கெட்டோடு உள்ளேயே தங்கிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். கோமகோமே ஸ்டேஷனை ஒட்டிய சோமெய் வாசலை எப்போதும் திறந்து வைப்பதில்லை. அது சாத்தியிருந்தால் மதிலோரமாகப் பிரதான வாசலுக்கு நடங்கள். பெரிய மரம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

உள்ளே போனதும் கால்தான் கவனம். இந்த வகைத் தோட்டங்களில் பதித்த கல் வரிசை மேடும் பள்ளமுமாக இருக்கும், வேண்டுமென்றே. தலை குனிந்து மெதுவாக நடக்க வைத்து, பெரிய கல் ஒன்று வந்ததும் நின்று நிமிர வைப்பார்கள். நிமிர்ந்த இடத்தில் ஒரு காட்சி காத்திருக்கும். குதிகால் செருப்போடு போனால் காட்சியும் போகும், கணுக்காலும் போகும். பாதையில் தேங்காய் அளவு கல் ஒன்று, கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருந்தால், அது பிள்ளைகள் தூக்கி விளையாடுவதற்கு இல்லை. 'இதற்கு மேல் வராதே' என்று அர்த்தம். போர்டும் இல்லை, கம்பியும் இல்லை, ஒரு கல்தான்.

கிளையை உலுக்கி இதழ் மழையில் வீடியோ எடுப்பதை இங்கே ரொம்பவே கேவலமாகப் பார்ப்பார்கள். அடிமரத்தை ஒட்டி நிற்பதும் வேண்டாம். சகுராவின் வேர் மேலாகவே ஓடும், மிதித்து மிதித்து மண் இறுகினால் மரம் வாடிவிடும். கொஞ்சம் தலையில் வைத்துக்கொள்ளலாமே என்று நம்மவர்களுக்குக் கை நீளும், புரிகிறது. மல்லிகைக்குப் பழகிய மூக்கு வேறு ஏமாந்துபோகும். "என்னடா, இவ்வளவு பூ, வாசமே காணோம்?" என்று அத்தை கேட்டார். சோமெய் யோஷினோவுக்கு வாசம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சரி, நாள் தவறிவிட்டதா? குளத்துப் பக்கம் போங்கள். உதிர்ந்த இதழ்கள் தண்ணீரில் ஒட்டி மிதப்பதை ஹனாஇகாதா, அதாவது பூத்தெப்பம் என்பார்கள். எனக்கு மரத்தில் இருப்பதைவிட அதுதான் பிடிக்கும். ஏப்ரல் நடுவில் வந்தால் ஷின்ஜுகு க்யோயென் போகலாம். இச்சியோ, கன்சான் மாதிரி அடுக்கு இதழ் வகைகள் அங்கே அப்போதுதான் பூக்கும். புல்வெளியில் விரிப்பும் போடலாம். மது மட்டும் கூடாது.

அத்தையை அங்கேயும் கூட்டிப் போனேன், அதே ஜமுக்காளத்தோடு. வாசலில் பையைத் திறந்து பார்த்த ஊழியர் தேடியது பாட்டிலைத்தான், புளியோதரையைக் கண்டுகொள்ளவே இல்லை.