முதல் கல்யாணத்தை எடுத்து நடத்துவது எப்படி? தாலி நேரத்திலிருந்து பின்னோக்கி ஒரு திட்டம்

இவென்ட் வேலைக்கு வர வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். ஒரு கல்யாணத்தை முழுசாகக் கூட இருந்து பாருங்கள். ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும்தான். அதற்குள் சாப்பாடு, கரண்ட், பூ, மைக் செட், அறைகள், கூட்டம், பணம், மரியாதை போதவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரியப்பா என்று எல்லாமே வந்துவிடும். மற்ற விழாக்கள் எல்லாம் இதில் பாதிதான்.

நான் தனியாக எடுத்த முதல் கல்யாணத்தில் வரவேற்பு நாற்பது நிமிடம் தாமதம். மேடை தயார், கேமராக்காரர் தயார், பொண்ணும் மாப்பிள்ளையும் தயார். மாலையும் நேரத்துக்கு வந்துவிட்டது. வாங்கிய பையன் அதைப் பத்திரமாக ஏசி அறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சித்தியிடம் கொடுத்திருக்கிறான். சித்தி பியூட்டி பார்லரில். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தில் அறுந்துவிட்டது. அந்த இடங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் நமக்குச் சம்பளம். கீழே உள்ள படிகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

படி 1: வீட்டாரோடு உட்காருவது

"எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்காதீர்கள். "ஒரு ஐந்நூறு இருக்கும்" என்பார்கள், அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை பத்திரிகை அடிக்கிறீர்கள், அதில் உள்ளூர் எவ்வளவு, குடும்பத்தோடு வருபவர்கள் எவ்வளவு, ஆபீஸ் ஆட்கள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஆபீஸ் ஆட்கள் வரவேற்புக்கு வந்துவிட்டுப் போய்விடுவார்கள், முகூர்த்தத்துக்கு வருவது உறவுக்காரர்கள்தான். ஆகவே இரவுக்கு ஓர் எண், காலை டிபனுக்கு ஓர் எண், மதியத்துக்கு ஓர் எண் என்று மூன்றாக எழுதுங்கள்.

அடுத்து, முடிவு எடுப்பது யார்? பணத்துக்கு ஒருவர், சம்பிரதாயத்துக்கு ஒருவர், இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பேர் குறித்துக்கொள்ளுங்கள். சம்பிரதாயத்துக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருப்பார். அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, எந்தச் சடங்குக்கு என்ன பொருள், யார் கொண்டுவருகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். காசி யாத்திரைக்குக் குடை, ஆரத்தித் தட்டு, நலங்குக்குத் தேங்காய் என்று ஒவ்வொரு சாதிக்கும் ஊருக்கும் மாறும். போன கல்யாணத்தில் இப்படித்தான் செய்தோம் என்று நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 2: தேதியும் மண்டபமும்

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியைத் தவிர்ப்பவர்களும் நிறைய. அதனால் ஆவணியிலும் தையிலும் வரும் நல்ல முகூர்த்தங்களுக்கு மண்டபம், சமையல், மேளம், பூ எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட்டி. மல்லிகைப்பூ விலை அந்த நாட்களில் எங்கே போய் நிற்கும் என்று பூ மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பல மண்டபங்களில் முதல் நாள் மதியம் 3 மணியிலிருந்து மறுநாள் மதியம் 3 மணி வரை என்று வாடகைக்கு விடுவார்கள். இங்கேதான் புதியவர்கள் மாட்டுவது. வரவேற்பு 6.30 மணிக்கு என்றால் மேடை அலங்காரத்துக்கு மூன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. டெக்கரேஷன்காரர் ஐந்து மணி நேரம் கேட்பார். முதல் நாளும் முகூர்த்த நாளாக இருந்து, அந்த வீட்டார் 3 மணிக்குத்தான் பாத்திரம் கழுவ ஆரம்பித்தால்? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மேனேஜரிடம் கேளுங்கள்: "அண்ணே, முதல் நாள் புக்கிங் இருக்கா? டெக்கரேஷன் ஆட்கள் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம்?" பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கூடவே, வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனியா, கரண்ட் மீட்டர்படியா, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, அது ஓடும்போது ஏசியும் ஓடுமா அல்லது விளக்கும் ஃபேனும் மட்டுமா, எல்இடி திரை வைத்தால் தாங்குமா, வெளிச் சமையல்காரரை விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்பதை நான் ஒருமுறை கேட்க மறந்தேன். டைனிங் ஹால் மாடியில். முழங்கால் வலிக்காரர்கள் எல்லோருக்கும் கீழேயே மேசை போட வேண்டியதாகிவிட்டது.

படி 3: பின்னோக்கி எழுதும் தாள்

இந்தத் தொழிலில் உங்கள் ஒரே ஆயுதம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் 7.30 முதல் 9 மணி வரை என்று வைத்துக்கொள்வோம். சரியாக 7.30-க்குத் தாலி என்று எழுதினால் தப்பு, 8.55 என்று எழுதினால் அதைவிடத் தப்பு. முதலில் சடங்கை நடத்திவைக்கும் வாத்தியாரிடம் கேளுங்கள். அவர் 8.15 என்றால் அதிலிருந்து பின்னால் போங்கள்.

8.15 தாலி.
8.05 அட்சதை கூட்டத்தில் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். கொடுப்பது இரண்டு அத்தைமார்.
8.00 பொண்ணு மணையில். அழைத்து வருவது மாமா.
7.15 கூரைப்புடவை பொண்ணு கையில். கட்டிவிட 40 நிமிடம்.
6.30 முதல் பந்தி டிபன்.
4.00 காபிக்குப் பால் அடுப்பில். மேக்கப்காரர் அறையில்.
3.00 பொண்ணு எழுந்திருக்க வேண்டும். எழுப்புவது அம்மா.

ஒவ்வொரு வரியிலும் நேரம், வேலை, செய்பவர் பெயர், அதற்கு முன்னால் யார் கையிலிருந்து என்ன வர வேண்டும் என்று நான்கும் இருக்க வேண்டும். நான்காவதை எழுதாமல் விட்டதால்தான் மாலை அறைக்குள் பூட்டிக் கிடந்தது. இப்போதெல்லாம் எல்லா அறைச் சாவியிலும் ஒரு செட் என் இடுப்பில்தான்.

கெட்டிமேளத்துக்குக் கை காட்டுவது யார் என்பதையும் எழுதுங்கள். வாத்தியார் விரலை அசைப்பார். ஆனால் அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் மணையைச் சுற்றிக் குனிந்து நிற்பார்கள், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தவில்காரருக்கு முதுகுகள்தான் தெரியும். வாத்தியாரும் தவில்காரரும் இரண்டு பேரும் தெரியும் இடத்தில் நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். கேமராக்காரரிடம் முன்பே சொல்லிவைத்தால் அவரே அந்த இடைவெளியைத் திறந்து வைப்பார்.

படி 4: பந்தியும் மேடையும், கொஞ்சம் கணக்கு

டைனிங் ஹாலில் 150 இலை போடலாம், இரவு 600 பேர் என்றால் நான்கு பந்தி. சாப்பிட அரைமணி, துடைத்து இலை போடப் பத்து நிமிடம். 7 மணிக்குத் தொடங்கினால் கடைசிப் பந்தி 9 மணிக்கு உட்கார்ந்து 9.30-க்கு எழும். 7.30-க்குத் தொடங்கினால் பத்து மணி. குழந்தைகளோடு வந்தவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள்.

மேடையிலும் இதே கணக்குதான். 600 பேர் நான்கு நான்கு பேராக ஏறினால் 150 படம். ஒன்றுக்கு 40 விநாடி என்றாலும் 100 நிமிடம். பொண்ணு மாப்பிள்ளை 7.15-க்கு மேடை ஏறினால் வரிசை முடிய 9 மணி ஆகும். வரிசையில் நிற்பவரும் பந்திக்குக் காத்திருப்பவரும் ஒரே ஆட்கள்தான். வரிசை நீண்டால் "முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க மாமா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போக இரண்டு பேரை வையுங்கள். மைக்கில் அறிவித்தால் யாரும் அசைய மாட்டார்கள்.

காலையில் தாலி ஏறிய அடுத்த நிமிடம் மொத்தக் கூட்டமும் டைனிங் ஹாலுக்குத் திரும்பும். அதனால் 8 மணிக்குள் இரண்டு பந்தியாவது முடித்துவிடுங்கள்.

சமையல் காண்ட்ராக்ட் இலைக் கணக்கு, அதாவது சாப்பிட்ட இலைக்கு இவ்வளவு என்று பணம், என்றால், பந்தி தொடங்குமுன் இலைக்கட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள், முடிந்ததும் மிச்சத்தை எண்ணுங்கள். இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவர், மாஸ்டர் பக்கம் ஒருவர் என்று மூன்று பேர் முன்னால். இதைச் செய்யாமல் விட்டால் கடைசி நாள் சண்டை நிச்சயம்.

படி 5: ஆட்களைப் பிடிப்பதும் சில சட்டங்களும்

யாரைப் பிடித்தாலும் அட்வான்ஸ், பாக்கி எப்போது, எத்தனை ஆட்கள் வருவார்கள், அவர்களுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். சமையல்காரரிடம் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர்களிடம் கமிஷன் வாங்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. நான் வாங்குவதில்லை. நீங்கள் வாங்கினால் வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வாங்குங்கள், எப்படியும் தெரிந்துவிடும்.

திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை அதற்குள் முடியுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தண்ணீர் பாக்கெட், கைப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தாம்பூலத்துக்கு மஞ்சப்பையே நல்லது. கல்யாணத்தில் சினிமா பாட்டு போட உரிமத் தொகை கேட்டு யாராவது வந்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கல்யாணத்துக்கும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. கம்பெனி விழாவுக்கு அந்த விலக்கு கிடையாது.

படி 6: அந்த நாள்

மண்டபத்தில் நுழைந்ததும் முதல் வேலை கரண்ட் மீட்டரை போனில் படம் எடுப்பது. அடுத்து பாத்திரங்களை எண்ணி வாங்குவது. அப்புறம் ஜெனரேட்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள், டீசல் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள்.

நூறும் இருநூறுமாகச் சில்லறை மாற்றி, வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், துப்புரவு அக்காக்கள் என்று பெயர் எழுதிய கவர்களில் போட்டு வையுங்கள். மொத்தச் செலவில் நூற்றுக்குப் பத்து ரூபாயாவது கையில் தனியாக வைக்கும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். மொய் எழுதும் மேசையைப் பந்திக்குப் போகும் வழியில் போட்டு, இரண்டு வீட்டுக்கும் தனித்தனி நோட்டு, எழுத ஒருவர், பையைப் பிடிக்க ஒருவர். அது வீட்டு ஆட்களாக இருக்கட்டும், நீங்கள் அந்தப் பணத்தைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் ஓடவும் வேண்டாம். நீங்கள் ஓடினால் பொண்ணோட அப்பாவும் ஓடுவார்.

படி 7: ஒப்படைப்பது

மதியப் பந்தி முடிந்து கட்டுச்சோறு கட்டும்போதே அறைகளைக் காலி செய்ய ஆரம்பியுங்கள். காலியான ஒவ்வொரு அறையிலும் தலையணைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குளியலறை அலமாரியில், பிளக் பாயிண்டில் பாருங்கள். சார்ஜர் எப்போதும் கிடைக்கும். ஒருமுறை வெள்ளிக் குங்குமச்சிமிழ் கிடைத்தது, இன்னொரு முறை யாருடையதோ பல்செட். மீட்டரை மறுபடி படம் எடுத்து, பாத்திரத்தை எண்ணிக் கொடுத்து, அட்வான்ஸ் மிச்சத்தை வாங்கி, இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்தை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். உங்களுக்கென்று ஓர் இலை எடுத்து வைக்கச் சொல்லி மாஸ்டரிடம் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.