விண்டோஸ் டிரைவிலிருந்தே கேம் ஓட்டாதீர்கள்: லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதே மாதம், கணினி கேம்கள் விற்கிற ஸ்டீமில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பயன்படுத்துபவர்களின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரிலும் அது தெரிகிறது. விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற கணினிகளை இங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து இளைஞர்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வார இறுதியில் உட்கார்ந்து லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். ஆரம்பத்தில் நான் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை மறக்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டீமை ஸ்னாப்பாகப் போடுவது

தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் கொண்டுவந்த உபுண்டு என்ற லினக்ஸ் வகை மீது இங்கே தனிப் பாசம் உண்டு. ஆனால் அதன் ஆப் சென்டரில் தேடினால் கிடைக்கிற ஸ்டீம், உபுண்டுவின் சொந்தப் பொதி வடிவமான ஸ்னாப் பதிப்பு. ஸ்டீமை நடத்துகிற வால்வ் நிறுவனம் வெளியிட்டதல்ல. அதில் வரும் கோளாறுகளைப் பற்றி 2024 ஜனவரியில் வால்வ் பொறியாளர் ஒருவரே எச்சரித்தார். ஸ்டீம் தளத்தில் உள்ள டெப் என்ற நிறுவல் கோப்பைப் போடுங்கள்.

என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வடிவ டிரைவில் கேம் லைப்ரரி

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஏன் செய்கிறார்கள் என்பது புரிகிறது. பால்டர்ஸ் கேட் 3 மாதிரி ஒரு கேம் 150 ஜிபி இடம் கேட்கிறது. இங்கே டேட்டா விற்கிற விலைக்கு அதை இரண்டாம் முறை இறக்க யாருக்கு மனசு வரும்? விண்டோஸில் இறக்கியது டி டிரைவில் இருக்கிறது, லினக்ஸிலும் தெரிகிறது, அப்புறம் என்ன, ஸ்டீமில் அந்த டிரைவைச் சேர்த்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஸ்டீமும் தடுக்காது.

பிளேயை அழுத்தினால் பட்டன் ஒரு நொடி ஸ்டாப் என்று மாறும், மறுபடி பிளே ஆகிவிடும். பிழைச் செய்திகூட வராது. நடப்பது இது: விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் லைப்ரரிக்குள்ளேயே காம்ப்டேட்டா என்ற கோப்புறையில் சின்னதாக ஒரு விண்டோஸ் சூழலை அமைக்கிறது. அதில் சி, இசட் டிரைவ்களுக்கான இணைப்புகளின் பெயரிலேயே முக்காற்புள்ளி இருக்கும். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. சில சமயம் அந்த இணைப்பு உருவாகாது, கேம் திறக்காது. சில சமயம் உருவாகிவிடும். அது இன்னும் மோசம். பிறகு விண்டோஸில், டிரைவைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓடும்போது அதைப் பழுது என்று நினைத்துச் சரிசெய்யத் தொடங்கிவிடலாம்.

இதோடு விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் சேர்ந்துகொள்ளும். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடியிருக்காது. அந்த நிலையில் லினக்ஸ், அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. பள்ளி இறுதியாண்டான மெட்ரிக் படிக்கும் தம்பி ஒருவன் அங்கேதான் மாட்டினான். "ரீட்-ஒன்லின்னு சொல்லிச்சு அண்ணா, வீடியோ பார்த்து ஃபோர்ஸ் பண்ணி மவுண்ட் பண்ணிட்டேன்" என்றான். அடுத்து விண்டோஸைத் திறந்ததும் செக்டிஸ்க் ஓடியது. கணினிப் பாடத்துக்கான அவனுடைய பிஏடி என்ற செய்முறை மதிப்பீட்டு வேலையும் அதே டிரைவில்தான் இருந்தது. பெயரெல்லாம் போய், எண் மட்டும் போட்ட துண்டுகளாக ஒரு கோப்புறையில் குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அறிக்கை கிடைத்தது, டேட்டாபேஸ் கிடைக்கவில்லை. அவன் அதை முதலிலிருந்து செய்தான். கேமுக்காகப் படிப்பு வேலை போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

டேட்டா செலவில்லாமலே வழி இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். லினக்ஸுக்கு அதன் சொந்த வடிவமான எக்ஸ்ட்4-இல் பார்ட்டிஷன் ஒன்றைத் தாராளமாக ஒதுக்கி, அதில் ஸ்டீம் லைப்ரரி அமையுங்கள். பழைய டிரைவின் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறையில், காமன் கோப்புறைக்குள் இருக்கும் கேமை அப்படியே இங்குள்ள காமனுக்கு நகலெடுங்கள். பிறகு ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுத்தால், இருக்கிற கோப்புகளை அது சரிபார்த்துவிட்டு, குறைவதை மட்டும் இறக்கும். புரோட்டானில் ஓடுகிற கேமுக்கு அது பெரும்பாலும் கொஞ்சம்தான். டி டிரைவைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட்நைட், வேலரன்ட், இஏ எஃப்சி

ஓடாது. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கிற அவற்றின் ஆன்ட்டி-சீட் மென்பொருள் லினக்ஸை விடுவதில்லை. இவைதான் உங்கள் உயிர் என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள்.

பழைய என்விடியா கார்டில் ஆர்ச்

ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகளுக்கு, அவற்றை இயக்கும் மென்பொருளில் 580 டிரைவர்தான் கடைசி. 2025 டிசம்பரில் ஆர்ச் என்ற லினக்ஸ் வகை, அந்தக் கார்டுகளை விட்டுவிட்ட 590-க்கு மாறியது. கேமிங்குக்கு ஆர்ச்தான் வேகம் என்று கேள்விப்பட்டு 1060 கார்டில் போட்டவர்களுக்கு, அப்டேட்டுக்குப் பிறகு டெஸ்க்டாப்பே வரவில்லை. 580-இலேயே நிற்க விடுகிற டிஸ்ட்ரோவாக (லினக்ஸ் வகையாக) பாருங்கள். 16 வரிசைக்கு இந்தத் தொல்லை இல்லை.

கரண்ட் போகிற நேரத்தில் அப்டேட்

லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2023 அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் உங்கள் பகுதியில் திடீரென்று கரண்ட் போகும் என்றால், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அப்டேட்டை மழை இரவில் ஓட்டாதீர்கள்.