அடிச்சீட்டைப் பார்த்து வைத்தால் போதும்

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். சீட்டை விசிறிபோல விரிப்பது, ஒரே கையால் வெட்டுவது எல்லாம் மூன்று மாதம் முயன்று கைவிட்டவன் நான். ஒன்று, சீட்டு கையோடு ஒட்டிக்கொள்ளும்; இல்லையென்றால் மொத்தமும் தரையில் கொட்டும். அதனால் விரல் வேலை தேவைப்படாத வித்தைகளாகத் தேடினேன். தேறியவை இரண்டு. அதிலும் ஒன்றுதான் இன்றுவரை காலை வாராமல் இருக்கிறது.

52 சீட்டுள்ள சாதாரணக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோக்கர்கள் வேண்டாம். நண்பரிடமே கொடுத்து ஆசைதீரக் கலைக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கியதும், கட்டின் ஓரங்கள் சேர்வதற்காக மேசையில் ஒரு தட்டுத் தட்டுவோம் இல்லையா? அப்போது அடிச்சீட்டு உங்கள் பக்கம் பார்த்திருக்கும். அதை மனதில் வையுங்கள். கிளாவர் ஏழு என்றே வைத்துக்கொள்வோம். திருட்டு வேலை இவ்வளவுதான்.

இனி கட்டைக் கவிழ்த்துப் பரப்பி, ஒரு சீட்டை உருவச் சொல்லுங்கள். அடிச்சீட்டை மட்டும் அவர் உருவ விடக்கூடாது. கடைசி நான்கைந்து சீட்டுகளைப் பரப்பாமல் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். உருவியதை அவர் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காட்டட்டும். காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை என் மாமா தன் சீட்டைத் தானே மறந்துவிட்டு, நான் சரியாக எடுத்ததைத் 'தப்பு' என்று சாதித்தார். சாட்சி இல்லை. என்ன செய்வது?

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டின் மேல்பாதியை எடுத்து மேசையில் வையுங்கள். அதன்மேல் அவருடைய சீட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் மிச்சமிருக்கும் பாதியை அதற்கும் மேலே வையுங்கள். இப்போது கிளாவர் ஏழு, அவர் சீட்டுக்கு நேர் மேலே போய் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் கட்டை வெட்டச் சொல்லலாம். மேலிருந்து ஒரு பங்கை எடுத்து வைத்து, மிச்சத்தை அதன்மேல் வைப்பது ஒரு வெட்டு. இரண்டு முறை, ஐந்து முறை, எத்தனை முறையானாலும் சரி. பார்ப்பவர்களுக்கு எல்லாம் கலைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் எதுவும் கலைவதில்லை. கட்டிய பூமாலையை எந்த இடத்தில் அவிழ்த்தாலும் பூக்களின் வரிசை மாறாது, அதேபோலத்தான். ஆனால் வெட்ட மட்டும்தான் விட வேண்டும், கலைக்க விடக்கூடாது. ஒருமுறை 'வெட்டுங்க' என்றேன். நண்பர் உற்சாகமாகக் கலைத்தே விட்டார். கிளாவர் ஏழுக்கு அடுத்து யாருக்கும் சம்பந்தமில்லாத ஓர் இஸ்பேட் வந்து நின்றது. சிரித்து மழுப்பிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். இப்போதெல்லாம் முதல் வெட்டை நானே வெட்டிக் காட்டிவிடுகிறேன்.

இனி மேலிருந்து ஒவ்வொன்றாகப் படம் தெரியத் திருப்பி வையுங்கள். ஒன்றையொன்று முழுதாக மறைக்காமல், மூலை தெரியும்படி வைப்பது முக்கியம். கிளாவர் ஏழு வந்தால் அடுத்தது அவருடைய சீட்டு.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். என் கணக்கில் வித்தையே இங்கிருந்துதான் ஆரம்பம். முகத்தில் எதையும் காட்டாமல், இன்னும் நான்கு சீட்டுகளைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஐந்தாவதைக் கையில் தொட்டபடி சொல்லுங்கள்: "அடுத்து நான் எந்தச் சீட்டைத் திருப்புகிறேனோ, அதுதான் உங்களுடையது. பந்தயம் வைக்கலாமா?" அவர் சீட்டு ஏற்கெனவே மேசையில் கிடக்கிறது. நீங்கள் கோட்டைவிட்டுவிட்டீர்கள் என்று உள்ளுக்குள் சிரிப்பார், பந்தயத்துக்கும் தயங்கமாட்டார். அப்போது கையை மேசைக்குக் கொண்டுபோய், கிடக்கும் அவர் சீட்டை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். திருப்பியாயிற்று! பந்தயம் ஒரு காபியோடு நிற்கட்டும், காசு வேண்டாம்.

ஒரு சங்கடம் மட்டும் அபூர்வமாக வரும். வெட்டு சரியாக அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் விழுந்திருந்தால் கிளாவர் ஏழு கட்டின் கடைசிக்குப் போய்விடும்; அவருடையது முதல் சீட்டாக வந்திருக்கும். ஆகவே முதலில் திருப்பிய சீட்டு எது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழகும்போது கண்ணாடியைவிட கைபேசி நல்லது. என்னை நானே படம் பிடித்துப் பார்த்தபோது, அடிச்சீட்டைப் பார்க்க நான் குனிந்த அழகு அப்பட்டமாகத் தெரிந்தது. இப்போது கட்டைத் தட்டியபடியே "எடுக்கப்போகிற சீட்டை மறக்காமல் இருப்பீங்களா?" என்று கேட்கிறேன். கேள்வி கேட்டால் பெரியவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். குழந்தைகளிடம் இது பலிக்காது. அண்ணன் மகள் ஒன்பது வயதுக்காரி, மேசை உயரத்தில் நின்றுகொண்டு, "சித்தப்பா, கீழே இருக்கறதை ஏன் பார்த்தீங்க?" என்று கூட்டத்திலேயே போட்டு உடைத்தாள்.

இரண்டாவது வித்தை 21 சீட்டுடையது. வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, மூன்று வரிசையாக ஏழேழு போட்டு, மனதில் நினைத்த சீட்டு எந்த வரிசை என்று கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மறுபடி போட வேண்டும். மொத்தம் மூன்று முறை. முதல் முறை அடுக்கியதும் சீட்டு 8 முதல் 14-க்குள் வந்துவிடும். அடுத்த முறை 10, 11, 12-இல் ஒன்று. மூன்றாம் முறை 11-ஆவது இடம். தானாகவே நடக்கும், தப்பவே தப்பாது. ஆனால் இழுவை. பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் வேறு எதுவும் கைவசம் இல்லாதபோதுதான் எடுக்கிறேன்.

"இன்னொரு தடவை காட்டு" என்று கேட்பார்கள். முதல் வித்தையை அதே ஆட்களுக்கு அதே நாளில் மறுபடி காட்டாதீர்கள். இரண்டாம் முறை எல்லாக் கண்ணும் உங்கள் கையில்தான் இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் 21 சீட்டு. அண்ணன் மகள் இருந்தால் அதுவும் வேண்டாம். இப்போது அவள் என் கட்சி. நான் கட்டைத் தட்டும் நேரம் பார்த்து இருமுவாள்.