மூக்கடைப்பு வினாத்தாளைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்கடைப்பின் தொல்லையை நோயாளியின் வாயாலேயே அறிய 2004-இல் அமெரிக்காவில் வெளியான ‘நோஸ்’ வினாத்தாளில் ஐந்தே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகையை ஐந்தால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று கிடைத்துவிடும். இவ்வளவு சிறியதுதானே என்று ஒரே மாலையில் மொழிபெயர்த்து, மறுநாளே புறநோயாளிப் பிரிவில் கொடுத்துவிடுவது முதல் தவறு. உரிமையாளரிடம் அனுமதி கேட்காமல் தொடங்குவதும் அதில் சேர்ந்ததே.

அதைவிடப் பெரிய தவறு விடைகளில் நேர்கிறது. கடந்த ஒரு மாதத்தில் இது உங்களுக்கு எவ்வளவு தொல்லையாக இருந்தது என்பதே மூலத்தின் கேள்வி. தமிழில் ‘எப்போதாவது’, ‘அடிக்கடி’, ‘எப்போதும்’ என்று எழுதிவிட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. சிறுவயது முதல் ஒரு பக்க மூக்கு அடைத்தே இருந்து, அதைப் பொருட்படுத்தாமல் வாழ்கிறவர் ‘எப்போதும்’ என்பதில் குறியிடுவார்; உண்மையில் அவருடைய மதிப்பெண் சுழியமாகவும் இருக்கலாம். நடுவிலுள்ள படிகளும் கவனத்துக்குரியவை. ‘மிதமான’ என்பதை வெயிலுக்கும் மழைக்கும் சொல்வோமே தவிர, தன் மூக்கைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’, ‘ரொம்ப’ என்ற வரிசையை முன்வைத்து, எது எதைவிட அதிகம் என்று நோயாளிகளையே அடுக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

முதல் இரண்டு கேள்விகள் மூக்கு கனத்துக் கட்டியிருப்பதையும், காற்றே போகாமல் அடைத்துக்கொள்வதையும் தனித்தனியே கேட்கின்றன. இரண்டையும் ‘மூக்கடைப்பு’ என்றே எழுதினால், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டதாகிவிடும். விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் உள்ளிசைவு எண் உயர்ந்து காட்டி ஆய்வாளரை மகிழ்விக்கும், அவ்வளவுதான்.

தமிழாக்கத்தை மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் பின்மொழிபெயர்ப்பை அளவுக்கு மீறி நம்புவதும் கூடாது. மூலத்தை முன்பே அறிந்தவர் செய்தால், தமிழில் உள்ள குறையை அவரே அறியாமல் சரிசெய்துவிடுவார். ‘நாசித்துவாரத் தடை’ போன்ற, எவரும் பேசாத தமிழ் அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பிச் செல்லும். ஆனால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு அது விளங்காது.

தமிழாக்கம் விளங்குகிறதா என்று முதலில் சிலரிடம் கொடுத்துப் பார்க்கும் முன்சோதனைக்கு 30 முதல் 40 பேர் வேண்டும் என்கிறது, வினாத்தாள்களை வேறு மொழிக்குக் கொண்டுசெல்வது பற்றி 2000-இல் பீட்டன் குழுவினர் வெளியிட்ட நெறிமுறை. அந்த எண்ணிக்கையைச் சேலம் நகரில் படித்தவர்களைக் கொண்டே நிரப்பிவிடக் கூடாது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைத் தொழிலாளியும், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரும் அதில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செவிலியர் வாசித்துக் காட்டுவதானால், அதற்கும் ஒரே வாசகத்தை எழுதி வைக்க வேண்டும். “மேடு ஏறும்போது மூச்சு வாங்குதா?” என்று அவரவர் விளக்கத் தொடங்கினால், உழைக்கும்போது மூக்கு வழியே காற்று போதவில்லையா என்னும் ஐந்தாவது கேள்வி நுரையீரலைப் பற்றியதாகிவிடும்.

அதே நோயாளிக்கு இரண்டாம் முறை கொடுத்து, மதிப்பெண் மாறாமல் இருக்கிறதா என்னும் நிலைத்தன்மையைப் பார்க்கும்போது காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மார்கழிப் பனியில் ஏற்காட்டில் ஒரு முறையும், பங்குனி வெயிலில் மறுமுறையும் கேட்டால் வேறுபடுவது நோயே. இடையில் மூக்கில் அடிக்கும் மருந்து தொடங்கியவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. மூக்கின் நடுச்சுவர் அறுவைக்கு முன்னும் பின்னும் மதிப்பெண் குறைகிறதா என்று பார்ப்பது வேறு சோதனை, அதைத் தனியாகவே செய்ய வேண்டும்.