பட்டாசு மருந்து கலக்குற ரூம்ல வெடி விபத்து வராம பாத்துக்கறது எப்படி

பட்டாசு மருந்து வெடிக்க நெருப்பு வேணும்னே இல்லங்க, ஒரு உரசல், ஒரு தட்டு, உடம்புல சேர்ற ஸ்டாட்டிக் கரண்ட், இதுல ஏதோ ஒண்ணு போதும். அதனால உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல எர்த் பண்ணி வெச்ச செம்புத் தகட்ட வெறுங்கையால தொட்டுட்டு போங்க, துணி காட்டன் மட்டும்தான், நைலான் பாலியெஸ்டர் வேணவே வேணாம். செல்போன வெளியவே வெச்சிடுங்க. இரும்புக் கரண்டி கூடாது, மரக்கரண்டி நல்லது.

குளோரேட்டையும் (மருந்து எரிய ஆக்சிஜன் குடுக்கற உப்பு) கந்தகத்தையும் சேக்கவே சேக்காதீங்க, லேசா தேச்சாலே பத்திக்கும், ஒண்ணு அள்ளுன கரண்டிய இன்னொண்ணுல விடறதுகூட தப்பு. அலுமினியம் பவுடர் கலந்த மருந்து ஈரமாச்சுனா உள்ளுக்குள்ளயே சூடேறி தானா பத்தும், அத காய வெச்சு திரும்ப யூஸ் பண்ணலாம்னு நினைக்காதீங்க, தயவுசெஞ்சு.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட முக்கியம் அளவுதான். ஆர்டர் அவசரம்னு நாலு பேர் வேலைய ஒரே ரூம்ல போட்டு மருந்த குவிச்சு வெச்சா, சின்னதா முடிய வேண்டியது பல உயிர எடுத்துடும். கொஞ்சமா கலந்து, கலந்ததும் அடுத்த ரூமுக்கு அனுப்பிடுங்க. கீழ சிந்துனத மிதிக்காம உடனே ஈரத்துணியால ஒத்தி எடுத்து, அந்தத் துணிய வெளிய தண்ணி நிறைஞ்ச வாளில முக்கிடுங்க.